வேட்பாளரைக் கடைசி நேரத்தில் மாற்ற முடியுமா? ஒரு வாய்ஸ் நோட்டும் 'பி' படிவமும்

சிங்கம்புணரியில் இருக்கும் என் அத்தையிடமிருந்து ஒரு தேர்தல் சமயத்தில் காலை ஆறரை மணிக்கு வாய்ஸ் நோட் வந்தது. "ஏத்தா, நீ பேப்பர்லதான இருக்க, ஒனக்குத் தெரியாம இருக்குமா? நம்ம ஆள மாத்திப்புட்டாங்களாம்ல. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒரே பேச்சா கெடக்கு. அப்ப நாங்க யாருக்குப் போடுறது?"

அப்போது வேட்புமனு வாபஸ் பெறும் நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மின்னணு இயந்திரத்தில் ஒட்டுவதற்கான வாக்குச்சீட்டில் பெயர்கள் இறுதியாகிவிட்டன. அந்த ஆளை இனி கட்சித் தலைவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாக் கட்சிக்கும் இது மாறி மாறி நடக்கிறது.

அத்தைக்குப் பதில் சொன்னதும் அவர் மகன் இடையில் புகுந்து இன்னொரு கேள்வி கேட்டான். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன், வெளிநாட்டுச் செய்திகளும் படிப்பான். "இங்க சரி. பிரான்ஸ், பிரேசில் மாதிரி ரெண்டு ரவுண்டு வைக்கிற ஊர்ல, முதல் ரவுண்டுல ஜெயிச்ச ஆளுக்குப் பதிலா ரெண்டாவது ரவுண்டுல கட்சி வேற ஆளை நிறுத்தலாமா?" முடியாது. ஆனால் ஏன் முடியாது என்று தேடிப் போனபோதுதான், தமிழ்நாட்டிலேயே மூன்று முறை கிட்டத்தட்ட இதே நிலைமை வந்துபோனது நினைவுக்கு வந்தது. அங்கேதான் நமக்கான விஷயமும் இருக்கிறது.

கட்சியின் கையில் சீட்டு எதுவரை?

முதலில் நம்ம ஊர்க் கணக்கு. சிங்கம்புணரி திருப்பத்தூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அது சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. 2019-ல் சிவகங்கைக்கு யார் என்பது பெரிய சஸ்பென்ஸாக இருந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் தன் மற்ற வேட்பாளர்களை அறிவித்துவிட்டு, சிவகங்கையை மட்டும் நிறுத்தி வைத்தது. கார்த்தி சிதம்பரமா, வேறு யாருமா என்று ஊரே பேசியது. மார்ச் 24-ம் தேதி கார்த்தியின் பெயர் வந்தது. மனு தாக்கல் முடிய இரண்டே நாள் இருந்தது. 1999-ல் இதே தொகுதியில் ஜெயித்த சுதர்சன நாச்சியப்பன் அந்தத் தேர்வை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். கடைசியில் கார்த்தி 3.32 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த மார்ச் மாத ஊகத்தில் ஒரு நியாயம் இருந்தது. அப்போது கதவு திறந்திருந்தது. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று தொண்டர் சொல்ல, கட்சி கேட்க வாய்ப்பு இருந்தது.

அந்தக் கதவு மூடுவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில். மனு தாக்கலின் கடைசி நாள், பிற்பகல் 3 மணி. அதற்குள் கட்சியின் ஏ படிவமும் பி படிவமும் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கட்சி சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சொல்வது ஏ. யார் வேட்பாளர் என்பதைச் சொல்வது பி. அதே பி படிவத்தில் இன்னொரு பெயரும் இருக்கும்: மாற்று வேட்பாளர். நம்ம பக்கம் 'டம்மி' என்பார்கள். பெரும்பாலும் வேட்பாளரின் மனைவி, மகன், அல்லது நம்பிக்கையான ஒன்றியச் செயலாளர். முதல் ஆளின் மனு பரிசீலனையில் தள்ளுபடியானால் இவர் உள்ளே வருவார். 3 மணிக்கு முன்பு கட்சி மனசு மாறினால், பழைய பி படிவத்தை ரத்து செய்து புதியது கொடுக்கலாம். 3 மணிக்குப் பிறகு முடியாது.

டம்மி இருக்காரே, அப்புறம் என்ன கவலை என்று நினைக்கலாம். 2024-ல் இந்தூரில் காங்கிரஸும் அப்படித்தான் நினைத்திருக்கும். அங்கே வாபஸ் பெறும் கடைசி நாளான ஏப்ரல் 29-ம் தேதி, காங்கிரஸ் வேட்பாளர் அக்‌ஷய் காந்தி பம் மனுவைத் திரும்பப் பெற்று பா.ஜ.க. பக்கம் போய்விட்டார். டம்மி எங்கே? அவர் மனு பரிசீலனை நாளிலேயே தள்ளுபடி ஆகியிருந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். முதல் ஆளின் மனு ஏற்கப்பட்டவுடன் டம்மி கட்சி வேட்பாளர் இல்லை என்றாகிவிடும். பத்துக் கையெழுத்து இல்லாததால் மனு செல்லாது. நீதிமன்றம் போயும் பலனில்லை. ஒரு தேசியக் கட்சிக்கு, ஒரு பெருநகரத்தில், வேட்பாளரே இல்லை. நோட்டாவுக்குப் போடுங்கள் என்று அந்தக் கட்சியே கேட்டது. 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். பத்துக் கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு டீக்கடையில் அரை மணி நேரம்.

இதற்கு நேர் எதிரான கதை, அதே தேர்தலில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா. காங்கிரஸ் அங்கே அர்விந்த் டாமோர் என்பவரை நிறுத்திவிட்டு, பிறகு பாரத் ஆதிவாசி கட்சியின் ராஜ்குமார் ரோத்துடன் கூட்டணி என்று முடிவெடுத்தது. வாபஸ் வாங்கச் சொன்னால் டாமோர் வாங்கவில்லை. பிறகு நடந்ததுதான் வேடிக்கை: கை சின்னத்தில் நிற்கிறவருக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று காங்கிரஸ் தலைவர்களே பிரசாரம் செய்தார்கள். ரோத் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனாலும் டாமோருக்கு 60 ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள். கட்சி கைகழுவிய வேட்பாளர் என்று தெரிந்தே போட்டவர்களும் இருக்கலாம். ஆனால் வழக்கமாகப் போடும் சின்னம், வழக்கம்போல் போட்டோம் என்று வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ. என் அத்தை மாதிரி ஆட்கள்.

இறந்துபோனால் மட்டும்தான்

வாபஸ் நாளுக்குப் பிறகு ஒரு கட்சி புது வேட்பாளரை நிறுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 52. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன்பு இறந்துவிட்டால், அந்தத் தொகுதியில் மட்டும் தேர்தல் தள்ளிவைக்கப்படும். தேர்தல் ஆணையம் அந்தக் கட்சிக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்து வேறு ஒருவரை நிறுத்தச் சொல்லும். மற்ற வேட்பாளர்கள் திரும்ப மனு போட வேண்டியதில்லை. சுயேச்சை இறந்தால் தேர்தல் தள்ளிப்போகாது.

2023 நவம்பரில் ராஜஸ்தான் கரண்பூரில் இது நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் குர்மீத் சிங் கூனர் வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு இறந்தார். மற்ற 199 தொகுதிகளுக்குத் தேர்தல் முடிந்து, பா.ஜ.க. ஆட்சியும் அமைத்துவிட்டது. கரண்பூருக்கு மட்டும் 2024 ஜனவரி 5. காங்கிரஸ் அவருடைய மகன் ரூபிந்தர் சிங்கை நிறுத்தியது. பா.ஜ.க. தன் வேட்பாளர் சுரேந்திரபால் சிங்கைத் தேர்தலுக்கு முன்பே அமைச்சராக்கிப் பதவிப் பிரமாணமும் செய்துவைத்தது. அமைச்சர் தோற்றார், மகன் ஜெயித்தார்.

வாக்குப்பதிவு முடிந்த பிறகு இறந்தால் கணக்கு வேறு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவராவ், வாக்குப்பதிவு நடந்து ஐந்தாவது நாள் இறந்தார். மறுதேர்தல் இல்லை, அவருக்கு விழுந்த வாக்குகள் மே 2-ம் தேதி எல்லோருடையதோடும் சேர்த்து எண்ணப்பட்டன. அவர் ஜெயித்திருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். அ.தி.மு.க. ஜெயித்ததால் அந்தக் கேள்வி எழவில்லை.

இரண்டாம் சுற்றில் என்ன நடக்கும்?

இப்போது அத்தை மகனின் கேள்வி. இரண்டு சுற்று முறையில், முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேர் மட்டும் மீண்டும் மோதுவார்கள். ஜெயித்த பிறகு கட்சிக்கு சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவர் தாங்குவாரா, வேறு முகம் போட்டால் நல்லாருக்குமே என்று. ஊகம் பறக்கும். ஆனால் சட்டம் கட்சியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிரேசில் அரசியலமைப்பில் இது தெளிவாக இருக்கிறது: இரண்டாம் சுற்றுக்கு முன்பு ஒருவர் இறந்தாலோ விலகினாலோ தகுதி இழந்தாலோ, மீதி இருப்பவர்களில் அதிக வாக்கு வாங்கியவர், அதாவது மூன்றாவது ஆள், மேலே வருவார். பிரான்ஸில் ஒருவர் விலகினால் இதே கதை. ஆனால் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ மொத்தத் தேர்தலும் முதலிலிருந்து. இரண்டு நாட்டிலும் கட்சிக்குப் புது ஆளை அனுப்பும் உரிமை கிடையாது. ஏனென்றால் இரண்டாம் சுற்று இடத்தை வாங்கிக்கொடுத்தது வாக்காளர், கட்சி இல்லை. மூன்றாவதாக வந்தவருக்காவது மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்சி புதிதாக அனுப்புகிறவருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

அதனால்தான் அந்த நாடுகளில் மாற்றும் வேலையெல்லாம் முதல் சுற்றுக்கு முன்பே நடக்கிறது. 2018-ல் பிரேசிலின் தொழிலாளர் கட்சி, சிறையில் இருந்த லூலாவைத் தகுதியில்லை என்று தேர்தல் நீதிமன்றம் சொன்ன பிறகு, செப்டம்பர் 11-ம் தேதி ஃபெர்னாண்டோ ஹடாடை நிறுத்தியது. முதல் சுற்றுக்கு 26 நாள்தான் இருந்தது. ஹடாட் இரண்டாம் சுற்று வரை போய், சுமார் 45 சதவீதம் வாங்கித் தோற்றார். பிரான்ஸில் 2017-ல் பிரான்சுவா ஃபியோன் மேல், மனைவிக்கு வேலை செய்யாமலே நாடாளுமன்றச் சம்பளம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு வந்ததும், மாற்று ஆளாக அலென் ஜுப்பேயின் பெயர் வாரக்கணக்கில் அடிபட்டது. ஜுப்பே மார்ச் 6-ம் தேதி 'நான் வரல' என்று சொல்லிவிட்டார். ஃபியோன் 20 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்து, இரண்டாம் சுற்றையே பார்க்கவில்லை.

ஆள் தானாகவே விலகினால்? அர்ஜென்டினா, 2003. முதல் சுற்றில் கார்லோஸ் மெனெம் 24 சதவீதம், நெஸ்டர் கிர்ச்னர் 22 சதவீதம். இரண்டாம் சுற்றில் தோல்வி உறுதி என்று கருத்துக்கணிப்புகள் சொன்னன. விலகுவாரா மாட்டாரா என்று நாடு பேசிக்கொண்டிருந்தபோது, வாக்குப்பதிவுக்கு நாலு நாள் முன்பு மெனெம் விலகினார். இரண்டாம் சுற்றே நடக்கவில்லை. முதல் சுற்றில் 22 சதவீதம் மட்டுமே வாங்கிய கிர்ச்னர் ஜனாதிபதி. ஜிம்பாப்வேயில் 2008-ல் முதல் சுற்றில் முந்திய மோர்கன் சுவாங்கிராய், தன் ஆட்கள் மீது நடந்த வன்முறையைச் சொல்லி, ஐந்து நாள் முன்பு விலகினார். அவர் பெயர் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது. முகாபே ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டார்.

இலங்கையில் இரண்டாவது நாள் வாக்குப்பதிவே கிடையாது. விருப்ப வாக்கை ஒரே சீட்டில் எழுதிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் அநுரகுமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம்தான் கிடைத்ததால், அந்த நாட்டு வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் கட்ட எண்ணிக்கைக்குப் போனார்கள். இடையில் நாளே இல்லாததால் ஆள் மாற்றும் பேச்சுக்கும் இடமில்லை.

இந்தியாவின் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் ஒரே ஒரு முறை அப்படி எண்ணியிருக்கிறார்கள்: 1969 தேர்தல். அதில் ஒரு கட்சி தன் வேட்பாளரை மாற்றாமலே மாற்றியது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்களின் தேர்வு. அவர் மனுவில் இந்திரா காந்தியே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் மனசுக்குள் வேறு ஆள். கடைசியில் 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்றார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் பாதியைத் தொடவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகு 4,20,077-க்கு 4,05,427 என்று ஜெயித்தார். தி.மு.க.வும் அவர் பக்கம்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டானது. வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற முடியாத கட்சி, உள்ளே இருந்தே அதை அறுத்த கதை அது. நம் ஊரில் 'உள்ளடி வேலை' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

தமிழ்நாட்டின் மூன்று 'இரண்டாம் சுற்றுகள்'

நம் சட்டத்தில் இரண்டாம் சுற்று கிடையாது. ஒரு ஓட்டு கூட வாங்கினாலும் ஜெயிப்புதான். 2009-ல் சிவகங்கையில் ப.சிதம்பரம் ராஜகண்ணப்பனை 3,354 வாக்குகளில் ஜெயித்தார். மூன்றாவதாக வந்த தே.மு.தி.க. வாங்கியதோ அதைப்போல் பல மடங்கு. இரண்டாம் சுற்று இருந்திருந்தால் அந்த வாக்குகள் எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விவாதிப்பார்கள். சட்ட ஆணையம் 1999-ல் தன் 170-வது அறிக்கையில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி என்ற யோசனையைப் பேசியது. அது அறிக்கையோடு நின்றுவிட்டது.

ஆனால் தேர்தல் ஆணையம் நமக்கு வேறு வழியில் மூன்று முறை இரண்டாவது வாய்ப்பு கொடுத்திருக்கிறது. பணப் பட்டுவாடா புகாரால் தேர்தலை ரத்து செய்தபோது.

2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் ஆர்.கே.நகர். 2019-ல் வேலூர். இவற்றில் பழைய அறிவிப்பாணையே ரத்தாகி, புது அறிவிப்பாணை வந்தது. அப்படியென்றால் புது மனு, புது பி படிவம். கதவு மீண்டும் முழுசாகத் திறந்தது. கட்சிகள் யாரை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். பணம் கொடுத்ததாகப் பெயர் கெட்டுப்போன தேர்தலுக்கு வேறு ஆளை அனுப்புகிறோம் என்று ஒரு கட்சியாவது சொல்லியிருக்கலாம்.

என்ன நடந்தது? அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டும் அதே ஆட்களை நிறுத்தின. வேலூரில் தி.மு.க. தரப்பில் பணம் பிடிபட்டதாகச் சொல்லி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் 5-ம் தேதி நடந்த தேர்தலில் அதே கதிர் ஆனந்த், எதிரே அதே ஏ.சி.சண்முகம். 8,141 வாக்குகளில் கதிர் ஆனந்த் ஜெயித்தார்.

ஆர்.கே.நகரில் மட்டும்தான் ஆள் மாறியது. அதுவும் வேறு காரணத்துக்கு. ஏப்ரலில் பிளவுபட்ட அ.தி.மு.க.வின் ஒரு பக்கம் தொப்பி சின்னத்தில் டி.டி.வி.தினகரன், மறுபக்கம் இரட்டை மின்கம்பத்தில் மதுசூதனன். டிசம்பருக்குள் இ.பி.எஸ். அணி ஓ.பி.எஸ்.ஸோடு சேர்ந்து, இரட்டை இலையும் திரும்பி வந்து, மதுசூதனன் அதிகாரபூர்வ வேட்பாளரானார். எட்டு மாதம் முன்பு தினகரனுக்காக வீடு வீடாகப் போன அமைச்சர்கள் அவருக்கு எதிராகப் போனார்கள். பா.ஜ.க. கங்கை அமரனை மாற்றி கரு.நாகராஜனை நிறுத்தியது, அவருக்கு நோட்டாவைவிடக் குறைவான வாக்கு. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 20 ரூபாய் நோட்டு டோக்கன் என்று அந்தத் தேர்தலைப் பற்றியும் புகார் வந்தது என்பது தனிக்கதை.

எனக்கு உறுத்துவது இதுதான். மாற்ற முடியாத நேரத்தில் 'மாத்திட்டாங்களாம்' என்று ஊரெல்லாம் பேசுகிறோம். மாற்ற முடிந்த நேரத்தில், வேலூரில் மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது, ஏன் மாற்றவில்லை என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. நாங்களும்தான். 'யாருக்கு வெற்றி வாய்ப்பு' என்று செய்தி போட்ட அளவுக்கு, 'ஏன் அதே ஆள்' என்று பத்திரிகைகள் போடவில்லை.

வாபஸ் நாளுக்குப் பிறகு வரும் வதந்திக்கு ஒரு லாபக் கணக்கு உண்டு. எதிர்க்கட்சி கிளப்பினால் தொண்டன் சோர்ந்து வீட்டிலேயே இருப்பான். சொந்தக் கட்சியில் சீட்டுக் கிடைக்காதவர் கிளப்பினால், வேட்பாளர் தோற்றால் அடுத்த முறை தனக்கு. இரண்டுக்கும் நடுவில் ஓட்டைத் தொலைக்கிறவர் வாக்காளர்.

அத்தைக்கு நான் அனுப்பிய பதிலை அப்படியே கீழே தருகிறேன். ஃபார்வர்டு செய்ய வசதியாக இருக்கும்.

"அத்தை, மாத்தல. வாபஸ் நாள் முடிஞ்சா ஏழாம் எண் 'ஏ' படிவம்னு ஒரு பட்டியல் போடுவாங்க. போட்டியிடுற எல்லார் பேரும் சின்னமும் அதுல இருக்கும். அதுக்கு மேல உயிரோட இருக்கற யாரையும் கட்சி மாத்த முடியாது. அவரு வேற கட்சிக்கே போனாலும் மெஷின்ல பேரு இருக்கும். செத்துப்போனா தேர்தலையே தள்ளிவச்சிருவாங்க, அது டீக்கடைக்கு முன்னாடி டிவில வந்துரும். சந்தேகம்னா 1950-க்கு போன் போடுங்க. இல்லேன்னா தம்பிய தேர்தல் கமிஷன் ஆப்ல பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

பத்து நிமிஷத்தில் அடுத்த வாய்ஸ் நோட்: "சரித்தா. அப்ப இந்த ஆளு வேணாம்னா எப்ப சொல்லியிருக்கணும்?"

மனு தாக்கல் கடைசி நாள், மூணு மணிக்கு முன்னாடி, என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.